ஒரே இலக்கம், இரண்டு சேர்வர்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: டிரெக்டரி சேர்வர். ஆகவே பிரிண்டர், ஃபோன் சார்ஜர் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு நிறுவனத்தில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களுடைய பாஸ்வேர்ட் என்ன, மின்னஞ்சல் முகவரி என்ன, யார் எந்தக் குழுவில் என்பதையெல்லாம் ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, கேட்கிற கணினிகளுக்கெல்லாம் பதில் சொல்வது டிரெக்டரி சேர்வர். அது விழுந்தால் கந்தோரில் ஒருவரும் லொகின் பண்ண முடியாது. அதனால் ஒன்றுக்கு இரண்டு மூன்றாக வைத்து, ஒன்றில் செய்த மாற்றம் மற்றவற்றுக்கும் தானாகப் போகும்படி அமைக்கிறோம். அதுதான் ரெப்ளிகேஷன். வந்த கடிதங்களைப் பார்த்தால் சேர்வர் பழுதாகிக் கஷ்டப்பட்டவர்கள் குறைவு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த சேர்வரில் பிழையாகக் கை வைத்து மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம்.

உவர்மலையிலிருந்து ஒரு தம்பி: அக்கா, எங்கள் நிறுவனத்துக்குத் திருகோணமலை டவுனில் இரண்டு டிரெக்டரி சேர்வர்கள் இருக்கின்றன, 389 என்ற மென்பொருளில் ஓடுபவை. இரண்டிலும் எழுதலாம். கிண்ணியாக் கிளைக்கு மூன்றாவது ஒன்று தேவைப்பட்டது. முதலாவது சேர்வரின் வெர்ச்சுவல் மெஷினை (மென்பொருளுக்குள் ஓடும் கணினியை) அப்படியே குளோன் பண்ணி, அதாவது பிரதி எடுத்து, பெயரையும் ஐபி முகவரியையும் மட்டும் மாற்றிக் கிண்ணியாவில் ஏற்றினேன். இரண்டாவது சேர்வரிலிருந்து அதற்கு மாற்றங்களை அனுப்பும் ஏற்பாடான அக்ரிமென்ட் ஒன்றும் போட்டேன். எல்லாம் ஓடுகிறது, சேர்வர் எழுதும் குறிப்பேடான லொக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் கிண்ணியாவில் மாற்றும் பாஸ்வேர்ட் சில டவுனுக்கு வருகின்றன, சில வருவதே இல்லை. லைன் பிரச்சினை என்று ரௌட்டரையும் மாற்றிப் பார்த்துவிட்டோம்.

பதில்: ரௌட்டர் பாவம், அதைப் பழைய இடத்திலேயே பூட்டிவிடுங்கள். பெயரையும் முகவரியையும் மாற்றிய நீங்கள் ரெப்ளிக்கா இலக்கத்தை மாற்றவில்லை. அது எங்கேயும் கண்ணில் படாமல் அமைப்புக்குள் இருப்பதால் குளோன் எடுப்பவர்கள் எல்லோரும் மறப்பது அதைத்தான்.

எழுதக்கூடிய ஒவ்வொரு சேர்வருக்கும் 1 முதல் 65534 வரை ஓர் இலக்கம் உண்டு. வாசிக்க மட்டுமான சேர்வர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 65535. ஒரு சேர்வரில் எந்த மாற்றம் நடந்தாலும் அதற்கு ஒரு முத்திரை விழும். மாற்றம் நடந்த நேரமும், எந்த இலக்கச் சேர்வரில் நடந்தது என்பதும் அதில் இருக்கும். மற்றச் சேர்வர்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாக நினைவில் வைப்பதில்லை. "இலக்கம் 1இடமிருந்து இந்த நேரம் வரைக்கும் எல்லாம் வந்துவிட்டது" என்று இலக்கத்துக்கு ஒரு வரிதான் எழுதி வைத்திருக்கும்.

இப்போது உங்கள் வீட்டுக் கதைக்கு வருவோம். டவுனில் முதலாவது சேர்வர், இலக்கம் 1. கிண்ணியாவில் அதன் குளோன், அதுவும் இலக்கம் 1. காலை 10.03க்குக் கிண்ணியாவில் ஒருவர் பாஸ்வேர்டை மாற்றுகிறார். அது இன்னும் புறப்படவில்லை. 10.05க்கு டவுன் முதலாவது சேர்வரில் வேறொரு மாற்றம் நடந்து உடனே இரண்டாவதுக்குப் போகிறது. இரண்டாவது சேர்வர் "இலக்கம் 1: 10.05 வரை சரி" என்று குறித்துக்கொள்கிறது. பிறகு கிண்ணியாச் சேர்வர் வந்து கதவைத் தட்டி, "என்னிடம் 10.03 மாற்றம் இருக்கிறது" என்று பார்க்கிறது. எதிரே 10.05 வரை வாங்கியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறது. அனுப்ப ஒன்றுமில்லை என்று திரும்பிப் போய்விடுகிறது. ஒரு சனசமூக நிலையத்துக்கு இரண்டு பேர் ஒரே இலக்கம் போட்ட ரசீதுப் புத்தகத்தோடு காசு சேர்க்கப் போன மாதிரி. பொருளாளர் 40ஆம் ரசீது வரை பதிந்துவிட்டார் என்றால் மற்றவருடைய 38ஆம் ரசீதை யார் தேடப் போகிறார்கள்? சேர்வர்களின் கணக்கில் எல்லாம் சரி, ஆகவே லொக்கிலும் பிழை இல்லை. கிண்ணியாவில் முந்தி நடந்தது தொலையும், பிந்தி நடந்தது வந்து சேரும். நீங்கள் சொன்ன "சில வருகிறது, சில வருவதில்லை" இதுதான்.

"ஒரே இலக்கம் என்றால் சேர்வரே சொல்லாதா?" என்று கேட்பீர்கள். சொல்லும். ஆனால் அந்த இரண்டும் நேருக்கு நேர் பேசினால்தான் சொல்லும். ஒரே இலக்கமுள்ள இரண்டுக்கும் நடுவில் அக்ரிமென்ட் இருந்தால், எதிரில் இருப்பவருக்கும் என் இலக்கமே இருக்கிறது என்று லொக்கில் எழுதிவிட்டு நின்றுவிடும். உங்கள் குளோன் முதலாவதின் பிரதி என்பதால் அதற்குள் இருந்த அக்ரிமென்டும் இரண்டாவது சேர்வரை நோக்கியதுதான். நீங்கள் புதிதாகப் போட்டதும் இரண்டாவதிலிருந்துதான். முதலாவது சேர்வரும் குளோனும் ஒருநாளும் நேரே சந்திக்கவில்லை. அந்தக் காவல் இருந்தும் உங்களுக்கு உதவவில்லை.

சரி, திருத்துவது. முதலில் கிண்ணியாச் சேர்வரில் எழுதுவதை நிறுத்துங்கள். கிளைக் கணினிகளைத் தற்காலிகமாக டவுன் சேர்வருக்குத் திருப்பிவிடலாம். மூன்று சேர்வரிலிருந்தும் எல்டிஃப் கோப்பாக (பதிவுகளை எழுத்தாகத் தரும் கோப்பு) ஏற்றுமதி எடுத்து வையுங்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், ஏனென்றால் கிண்ணியாவில் மட்டும் இருக்கிற மாற்றங்கள் அந்தக் கோப்பில்தான் உயிரோடு இருக்கும். பிறகு ஒப்பிடுங்கள். 389 உடனேயே இரண்டு ரெப்ளிக்காக்களை ஒப்பிடும் கருவி ஒன்று வருகிறது. பாஸ்வேர்டின் உருமாற்றி வைத்த வடிவமான ஹாஷைப் பார்த்து எது புதியது என்று சொல்ல முடியாது, பதிவின் கடைசித் திருத்த நேரத்தைப் பார்க்க வேண்டும். டவுன் சேர்வர்கள் இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடவும் மறக்க வேண்டாம். கிண்ணியாவின் மாற்றம் முந்திக்கொண்டு போன நேரங்களில், முதலாவது சேர்வரின் மாற்றமும் இதே மாதிரி வழியில் தொலைந்திருக்கும். பலர் கிளையை மட்டும் திருத்திவிட்டு நிம்மதியாக இருந்து, இரண்டு மாதத்துக்குப் பிறகு டவுனில் ஒரு பழைய குழு அங்கத்துவத்தைக் கண்டு முழிப்பார்கள்.

அதன்பிறகு கிண்ணியாச் சேர்வரைக் கழற்றிவிட்டு, குளோன் இல்லாமல் புதிதாக நிறுவி, புது இலக்கம் கொடுத்து, இரண்டாவது சேர்வரிலிருந்து நிரப்புங்கள். தொலைந்த மாற்றங்களைக் கையால் போடுங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. சேர்வர் ஒன்றைக் கழற்றினால் அதன் இலக்கத்தை எல்லா இடத்திலிருந்தும் துடைக்கும் கட்டளை ஒன்று இருக்கிறது, கிளீன்-ஆல்-ஆர்யுவி என்று. வழிகாட்டிகள் எல்லாம் அதைப் போடச் சொல்லும். உங்கள் விஷயத்தில் போடக்கூடாது. நீங்கள் கழற்றுகிற சேர்வரின் இலக்கமும் 1, டவுனில் உயிரோடு இருப்பதும் 1. துடைத்தால் நல்ல சேர்வரைத்தான் துடைப்பீர்கள்.

இனிமேல் வராமல் தடுக்க, இலக்கத்தை 1, 2, 3 என்று வரிசையாகக் கொடுப்பதை விடுங்கள். நான் இடத்தை வைத்துக் கொடுப்பேன்: டவுன் 11, 12, கிண்ணியா 21, மூதூர் 31. கிண்ணியாச் சேர்வரில் 11 என்று கண்டால் படிக்காதவருக்கும் ஏதோ பிழை என்று தெரியும். செத்த சேர்வரின் இலக்கத்தைப் புதிதுக்குக் கொடுக்காதீர்கள், அறுபதினாயிரத்துக்கு மேல் இருக்கும்போது கஞ்சத்தனம் எதற்கு? ஓபன்எல்டாப் என்ற இன்னொரு டிரெக்டரி மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கும் இதே வியாதி உண்டு. அங்கே சேர்வர் ஐடி 4095 வரை. ஆனால் அங்கே ஒரு நல்ல வசதி இருக்கிறது. எல்லா இலக்கங்களையும் அவற்றின் முகவரியோடு ஒரே பட்டியலாக எழுதி, அதே அமைப்பை எல்லாச் சேர்வரிலும் வைக்கலாம். ஒவ்வொன்றும் தன் முகவரியைப் பார்த்துத் தன் இலக்கத்தை எடுத்துக்கொள்ளும். பிரதி எடுத்தாலும் பிழைக்காது. 389ஐ உள்ளே வைத்து ஓடும் ஃப்ரீஐபிஏ மென்பொருளைப் பாவித்தால் இலக்கத்தை அதுவே கொடுத்துவிடும், நீங்கள் யோசிக்கவே தேவையில்லை.

நிலாவெளியிலிருந்து, ஹோட்டல் ஒன்றின் கணினிப் பொறுப்பாளர்: வேறு நிறுவனத்தில் இருக்கும் என் நண்பர் புதுச் சேர்வர் ஒன்றைச் சேர்க்கப் போய் 'இனிஷியலைஸ்' கொடுத்தவுடன், பழைய சேர்வரில் இருந்த ஆட்களின் பதிவு எல்லாம் போய்விட்டது. அடுத்த மாதம் நானும் ஒன்று சேர்க்க வேண்டும். நினைத்தாலே கை நடுங்குகிறது அக்கா.

பதில்: கை நடுங்குபவர்கள் இருமுறை வாசிப்பார்கள், ஆகவே எனக்கு உங்களைப் பற்றிக் கவலை இல்லை.

இனிஷியலைஸ் என்பது சேர்த்தல் இல்லை, மாற்றிவைத்தல். எதிர்ச் சேர்வரில் அந்தப் பகுதியில் இருப்பதை முழுதாக அழித்துவிட்டு, தன்னிடம் இருப்பதை அங்கே ஊற்றும். தன்னிடம் ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்றுமில்லாததைத்தான் ஊற்றும். உங்கள் நண்பர் புதுச் சேர்வரில் உட்கார்ந்துகொண்டு அழுத்தியிருக்கிறார். 389இல் அக்ரிமென்ட் அனுப்புகிற சேர்வரில் இருக்கிறது. எந்தச் சேர்வரின் அக்ரிமென்டில் அழுத்துகிறீர்களோ அங்கிருந்து வெளியே போகும். "புதுச் சேர்வரை இனிஷியலைஸ் பண்ணப் போகிறேன், ஆகவே புதுச் சேர்வரில் போய் அழுத்துகிறேன்" என்று நினைப்பது மிக இயற்கையான பிழை.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் ஜெனரேஷன் ஐடி என்று ஓர் அடையாளம் உண்டு. புதுச் சேர்வரினுடையது பழையதோடு ஒத்துப்போகாது. ஒத்துப்போகாதவரை சாதாரண ரெப்ளிகேஷன் தொடங்கவே மாட்டாது. இது நல்ல பாதுகாப்பு. ஆனால் இரண்டு பக்கமும் அக்ரிமென்ட் போட்டுவிட்டால் இரண்டு லொக்கிலும் அந்தப் புகார் வரும். புகார் எங்கே தெரிகிறதோ அங்கேயே திருத்தப் போவது மனித சுபாவம். புதுச் சேர்வரின் லொக்கில் வாசித்தவர், புதுச் சேர்வரிலேயே அழுத்துவார்.

ஆகவே வழி மிக எளிது: திரும்பி வரும் பாதையை முதலில் போடவே போடாதீர்கள். பழையதிலிருந்து புதிதுக்கு மட்டும் அக்ரிமென்ட். அதில் இனிஷியலைஸ். முடிந்ததும் இரண்டு பக்கமும் பதிவுகளை எண்ணிப் பாருங்கள், பழையதில் ஒரு தொலைபேசி இலக்கத்தை மாற்றி அது புதிதில் வருகிறதா என்று பாருங்கள். அதன்பிறகுதான் புதிதிலிருந்து பழையதுக்கு அக்ரிமென்ட். அதில் இனிஷியலைஸ் தேவையே இல்லை, ஜெனரேஷன் ஐடி இப்போது ஒன்றாகிவிட்டதால் தானாக ஓடும். பிழையான திசையில் அழுத்துவதற்கு ஒரு பொத்தானே இல்லாமல் செய்துவிட்டால் நடுங்குகிற கையும் ஒன்றும் செய்துவிடாது.

உங்கள் நண்பருக்கும் ஒன்று சொல்லுங்கள், இனியொரு முறைக்கு உதவும். மூன்று சேர்வர் இருந்து அதில் ஒன்று இப்படி வெறுமையாகிவிட்டால், பதறி மற்ற இரண்டையும் அதிலிருந்து "சரிப்படுத்த" வேண்டாம். வெறுமையான சேர்வருக்கு இப்போது புது ஜெனரேஷன் ஐடி. அதனால் மற்ற இரண்டும் அதோடு பேச மறுத்துவிடும், அவற்றில் தரவு பத்திரமாக இருக்கும். லொக்கில் சிவப்பாக ஓடுகிற அந்தப் பிழைதான் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. வெறுமையான சேர்வரிலிருந்து வெளியே போகிற அக்ரிமென்டுகளை முடக்குங்கள். பிறகு நல்ல சேர்வர் ஒன்றிலிருந்து அதைத் திரும்ப நிரப்புங்கள். இரண்டே சேர்வர், இரண்டும் போய்விட்டது என்றால் பேக்அப்தான்.

மூதூரிலிருந்து ஓர் ஆசிரியை: மூன்று சேர்வர் இருந்தால் தனியாக பேக்அப் எதற்கு?

பதில்: ஒருவரை அழித்தால் அந்த அழிப்பும் மாற்றம்தான் ரீச்சர், சில நொடிகளில் மூன்றிலும் அழிந்துவிடும். சேர்வர் உடைந்தால் ரெப்ளிகேஷன் காப்பாற்றும், மனிதர் பிழைவிட்டால் பேக்அப்தான் காப்பாற்றும். மைக்ரோசொஃப்டின் ஆக்டிவ் டிரெக்டரி வைத்திருந்தால் இரண்டு வேலை செய்து வையுங்கள். முக்கியமான பிரிவுகளில் தவறுதலாக அழிப்பதைத் தடுக்கும் கட்டத்துக்குச் சரி போடுங்கள். அழித்ததைத் திரும்ப எடுக்க உதவும் ரீசைக்கிள் பின்னையும் இயக்குங்கள். அது விண்டோஸ் சேர்வர் 2008 ஆர்2இலிருந்து இருக்கிறது, தானாக இயங்காது, இயக்கினால் திரும்ப நிறுத்தவும் முடியாது. நிறுத்த வேண்டிய தேவையும் வராது.

கன்னியாவிலிருந்து ஒரு பட்டதாரி: ஓபன்எல்டாப்பில் இரண்டாவது சேர்வர் அமைத்தேன். சுமார் 1,800 பேர் இருக்க வேண்டும், 500இலேயே நிற்கிறது. வந்தவர்களாலும் லொகின் பண்ண முடியவில்லை.

பதில்: 500 என்ற இலக்கத்தைச் சொன்னதால் என் வேலை மிச்சம். ஓபன்எல்டாப் ஒரு தேடலுக்கு இயல்பாக 500 பதிவுகள்தான் கொடுக்கும். பிரதி எடுக்கிற சேர்வரும் ஒரு கணக்கில் உள்ளே வந்து தேடுகிற ஆள்தான், அதற்கும் அதே வரம்பு. மூலச் சேர்வரில் அந்த ஒரு கணக்குக்கு மட்டும் எண்ணிக்கை வரம்பையும் நேர வரம்பையும் எடுத்துவிடுங்கள். எல்லோருக்கும் எடுத்துவிடாதீர்கள்.

லொகின் விஷயம் அதே கணக்கின் அனுமதிப் பிரச்சினை. பாஸ்வேர்டை ஒருவரும் வாசிக்கக்கூடாது என்று விதி எழுதியிருப்பீர்கள், நல்லதுதான். ஆனால் வாசிக்க முடியாததைப் பிரதி எடுக்கவும் முடியாது. பெயர்கள் வந்திருக்கும், பாஸ்வேர்ட் வந்திருக்காது. ரெப்ளிகேஷன் கணக்குக்கு மட்டும் வாசிக்கும் உரிமை கொடுங்கள், அந்த விதி மற்ற விதிகளுக்கு மேலே இருக்கட்டும், ஏனென்றால் மேலிருந்து கீழே முதலில் பொருந்துவதோடு அது நின்றுவிடும்.

பின்னாளில் இந்த அனுமதிகளை யாராவது இறுக்கினால் நிலைமை இன்னும் மோசம். மூலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போன பதிவை, அழிந்துவிட்டது என்று நினைத்துப் பிரதிச் சேர்வர் தன்னிடமிருந்தும் நீக்கிவிடலாம். அனுமதி விதியில் கை வைக்கும் நாளில் பிரதியில் ஆட்களின் எண்ணிக்கையையும் ஒருமுறை பாருங்கள்.

சீனன்குடாவிலிருந்து ஒரு தம்பி: ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் எங்கள் கிளைச் சேர்வரின் மணிக்கூடு பிழைத்துவிடுகிறது. நான் கையால் சரிசெய்துவிடுவேன். ரெப்ளிகேஷனுக்கு இதனால் பாதிப்பு உண்டா?

பதில்: உண்டு. நீங்கள் கையால் சரிசெய்வது மணிக்கூடு பிழைப்பதைவிடப் பயங்கரம்.

மேலே உவர்மலைத் தம்பிக்குச் சொன்ன முத்திரையில் நேரம் இருக்கிறது அல்லவா? ஒரே ஆளின் பதிவை இரண்டு சேர்வரில் இரண்டு பேர் மாற்றினால், பிந்திய நேரமுள்ள மாற்றம் வெல்லும். மணிக்கூடு முன்னுக்கு ஓடுகிற சேர்வர், உண்மையில் முந்திச் செய்த மாற்றத்தோடு வந்தும் வென்றுவிடும். வித்தியாசம் ஒரு நாளைத் தாண்டினால் 389 ரெப்ளிகேஷனையே மறுத்துவிடும். ஆக்டிவ் டிரெக்டரியில் லொகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் இயல்பாக 5 நிமிட வித்தியாசம்தான் பொறுக்கும்.

கையால் திருத்துவதில் நான் அடிக்கடி காண்பது இது: சேர்வரின் நேர வலயம் உலகப் பொது நேரத்தில் (யூடிசி) விடப்பட்டிருக்கும். திரையில் காலை 4 மணி என்று காட்டும், சுவரில் ஒன்பதரை. உடனே ஒருவர் நேரத்தை ஒன்பதரைக்கு மாற்றிவிடுவார். திரை இப்போது சரி, உள்ளே மணிக்கூடு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். டிரெக்டரி சேர்வர் உள்ளே எப்போதும் பொது நேரத்தில்தான் கணக்கு வைக்கிறது, வலயம் என்ன என்பது அதற்குப் பொருட்டே இல்லை. 1996இல் நம் நாட்டு மணிக்கூட்டை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில் திரும்ப ஐந்தரைக்கே கொண்டுவந்தார்கள். அப்படி நாடே நேரத்தை மாற்றினாலும் அந்த முத்திரைகள் அசையாது. ஐந்தரை மணித்தியாலம் ஒரு நாளுக்குள் என்பதால் 389 மறுக்கவும் மாட்டாது, புகாரும் வராது. பேசாமல் பிழையான மாற்றங்கள் வென்றுகொண்டிருக்கும். பிறகு மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பினாலும் அந்த முத்திரைக் கணக்கு பின்னுக்கு வராது.

ஆகவே வலயம் பிழையென்றால் வலயத்தை மாற்றுங்கள், நேரத்தைத் தொடாதீர்கள். மணிக்கூட்டைத் தானாகச் சரியாக வைத்திருக்கும் க்ரோனி போன்ற ஒன்றை ஓடவிடுங்கள். நேரம் சரியான பிறகே டிரெக்டரி சேர்வர் எழும்பும்படி வரிசைப்படுத்துங்கள். மின்வெட்டுக்குப் பிறகு மணிக்கூடு பிழைக்கிறது என்றால் மதர்போர்டில் இருக்கும் நாணயப் பற்றரி செத்துவிட்டது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனதை நினைத்துக்கொண்டு அந்தச் சின்னப் பற்றரியை மாற்றுங்கள்.

உப்புவெளியிலிருந்து ஒருவர்: டொமைன் கன்ட்ரோலரில் (ஆக்டிவ் டிரெக்டரியின் சேர்வர்) அப்டேட் பிழைத்ததால், அதன் வெர்ச்சுவல் மெஷினை முன்பு இருந்தபடி பிடித்து வைத்த ஸ்னாப்ஷொட்டுக்குப் போன கிழமை திரும்பப் போனேன். இப்போது புது ஆட்கள் மற்ற கன்ட்ரோலருக்குப் போவதில்லை.

பதில்: இது உவர்மலைக் கடிதத்தின் தம்பி. கன்ட்ரோலர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தொடர் இலக்கம் போடுகிறது. ஸ்னாப்ஷொட் அந்த இலக்கத்தைப் பின்னுக்கு இழுத்துவிட்டது. மற்றவர் "அதுவரை வாங்கிவிட்டேனே" என்று விட்டுவிடுகிறார். விண்டோஸ் சேர்வர் 2012இலிருந்து, வெர்ச்சுவல் மெஷினை ஓட்டுகிற மென்பொருளும் ஒத்துழைத்தால், பின்னுக்குப் போனதைக் கன்ட்ரோலரே உணர்ந்து தன் அடையாளத்தைப் புதுப்பித்துக்கொள்ளும். உங்களுடையதில் ஏதோ ஒன்று பழசு. இடையில் அதில் மட்டும் சேர்த்த ஆட்களைக் குறித்துவையுங்கள், அந்தக் கன்ட்ரோலரைக் கட்டாயமாகப் பதவியிறக்கி, மற்றதில் அதன் மிச்சங்களைத் துப்புரவாக்கி, புதிதாகச் சேருங்கள். முதலில், ஒரு நேரத்தில் ஒரு கன்ட்ரோலரிடமே இருக்கக்கூடிய தலைமைப் பொறுப்புகள் ஐந்தும் யாரிடம் என்று பார்த்து மற்றவருக்கு மாற்றிவிடுங்கள். கன்ட்ரோலருக்கு ஸ்னாப்ஷொட்டை பேக்அப் என்று நினைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். அலுமாரிக்குள் 180 நாளுக்கு மேல் கிடந்த பழைய கன்ட்ரோலரை எடுத்து வலையமைப்பில் செருகுவதும் வேண்டாம். அழிந்தவர்களின் நினைவுக்குறி இயல்பாக அவ்வளவு காலம்தான் இருக்கும், பிறகு அழிந்தவர்கள் எழும்பி வருவார்கள்.

பாலையூற்றிலிருந்து ஒரு தங்கச்சி: சேர்வர் அறைப் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. ஐந்து பேர் கை வைக்கிற இடம். தவறுதலாக ஒன்றும் நடக்காமல் இருக்க என்னென்ன ஒழுங்கு கொண்டுவரலாம் அக்கா?

பதில்: முதலில் ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கள். சிரிக்க வேண்டாம். எந்தச் சேர்வர், அதன் இலக்கம், அது யாருக்கு அனுப்புகிறது, யாரிடம் வாங்குகிறது, கடைசியாக யார் எப்போது தொட்டார் என்று ஒரு பக்கத்துக்கு ஒரு சேர்வர். கணினியில் வைத்தால் நல்லதுதான், ஆனால் லொகின் பண்ண முடியாத நாளில்தான் அது தேவைப்படும்.

அடுத்து, சேர்வருக்குச் சேர்வர் நிர்வாகப் பாஸ்வேர்ட் வேறாக இருக்கட்டும். ஐந்து பேரும் எரிச்சல்படுவார்கள். படட்டும். டவுன் சேர்வர் என்று நினைத்துக் கிண்ணியாவில் தட்டுகிற கட்டளை, பாஸ்வேர்ட் பிழையென்று நின்றுவிடும். திரையில் சேர்வரின் பெயர் பெரிதாக, உண்மையான சேர்வருக்குச் சிவப்பில் தெரியட்டும்.

இரண்டு பேர் விதியை மூன்று வேலைக்கு மட்டும் வையுங்கள்: இனிஷியலைஸ், சேர்வரைக் கழற்றுதல், பேக்அப்பிலிருந்து மீட்டல். ஒருவர் தட்டுவார், மற்றவர் எந்தச் சேர்வரிலிருந்து எதற்கு என்று சத்தமாக வாசித்த பிறகே என்டர். எல்லா வேலைக்கும் இரண்டு பேர் என்று வைத்தால், ஒரு மாதத்தில் மற்றவர் தேநீர் குடித்துக்கொண்டே தலையாட்டத் தொடங்கிவிடுவார்.

389இல் ஆட்களின் பதிவு மற்றச் சேர்வருக்குப் போகும், சேர்வரின் அமைப்பு போகாது. இன்டெக்ஸ், பொதுப் பாஸ்வேர்ட் விதி, பிளகின் எல்லாம் ஒவ்வொன்றிலும் தனித்தனி. "அங்கே போட்டேன், இங்கேயும் வந்திருக்கும்" என்று நம்பித்தான் பலர் கெட்டார்கள். அமைப்புக் கோப்பை வாரம் ஒருமுறை எடுத்து, மாற்றங்களைத் தடம் வைக்கும் 'கிட்' என்ற மென்பொருளில் வைத்து, சேர்வருக்குச் சேர்வர் ஒப்பிடுங்கள். இருக்க வேண்டிய வித்தியாசம் பெயர், இலக்கம், அக்ரிமென்ட் இவ்வளவுதான். சேர்வர் ஓடும்போது அந்தக் கோப்பைக் கையால் திருத்தினால், சேர்வர் தன் நினைவில் இருப்பதை அதன்மேல் எழுதிவிடும். கடைசியாக ஒழுங்காக எழும்பியபோது இருந்த அமைப்பின் பிரதி ஒன்று பக்கத்திலேயே இருக்கும், எங்கே என்று இப்போதே பார்த்துவையுங்கள்.

ஒவ்வொரு சேர்வருக்கும் ஒரு சோதனைப் பதிவு வைத்து, காலையில் தானாகத் தேதியை எழுதச் செய்யுங்கள். மற்றச் சேர்வர்களில் அந்தத் தேதி வராவிட்டால் உங்கள் ஃபோனுக்குச் செய்தி வரட்டும். பச்சை விளக்கை நான் நம்புவதில்லை, உவர்மலையிலும் எல்லாம் பச்சையாகத்தானே இருந்தது.

புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் ஃப்ரீஐபிஏயை யோசியுங்கள். ஓர் இணைப்பை எடுத்தால் சேர்வர்கள் இரண்டு தீவாகப் பிரியும் என்றால் அது எடுக்கவே விடாது.

தம்பலகாமத்திலிருந்து ஒருவர்: மூன்று மாதமாக நன்றாக ஓடிய ரெப்ளிகேஷன் ஒரு காலையில் எல்லாப் பக்கமும் நின்றுவிட்டது. ஒருவரும் ஒன்றும் தொடவில்லை என்று சத்தியம் செய்கிறார்கள்.

பதில்: சத்தியத்தை நம்பலாம். ரெப்ளிகேஷன் கணக்கின் பாஸ்வேர்ட் காலாவதியாகியிருக்கும். 389இல் காலாவதி விதியை இயக்கினால் இயல்பான ஆயுள் 100 நாள், உங்கள் மூன்று மாதத்தோடு பொருந்துகிறது. பாஸ்வேர்டை மாற்றி எல்லா அக்ரிமென்டிலும் புதிதைப் போடுங்கள், அந்தக் கணக்குக்கு மட்டும் காலாவதித் திகதியை 2038க்குத் தள்ளிவையுங்கள். கணக்கு ஆட்களின் பதிவுகளுக்கு நடுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஒவ்வொரு சேர்வரின் அமைப்புப் பகுதிக்குள் தனித்தனியாக உருவாக்குங்கள். நின்று எத்தனை நாள் என்று நீங்கள் எழுதவில்லை. மாற்றங்களின் பதிவேடு அவ்வளவு நாளுக்கு வைத்திருக்கிறதா என்று பாருங்கள். தாண்டிவிட்டால் திரும்ப நிரப்ப வேண்டும், அதற்கு முன் நிலாவெளிக்காரருக்குச் சொன்ன பதிலை வாசியுங்கள்.